பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

சிங்கப்பூரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு மாலைத் தமிழ்ப் பூசைக்குப் பதினோரு வருஷமாக மன்றாட்டுப் பட்டியல் எழுதுகிறவள் நான். எழுதுவதும் நானே, மேடையேறி வாசிப்பதும் நானே. உடல்நலம் வேண்டுவோர் ஒரு பக்கம், இறந்தவர்கள் மறுபக்கம். இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொள்வேன். வாசிக்கும்போது கண் தடுமாறக் கூடாதல்லவா. வார நாட்களில் குவீன்ஸ்டவுனில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை. பிழையில்லாமல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. பாடகர் குழுவில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

வேண்டுதல் வைப்பவர்கள் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாசலருகே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போட வேண்டும். தேக்கா கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு நேரே பூசைக்கு வரும் தொழிலாளர்களின் சீட்டுகள்தான் அதிகம். கடை ரசீதின் பின்பக்கம், பிஸ்கட் அட்டை, கையில் எது கிடைக்கிறதோ அது. கையெழுத்தோ கோழி கிளறிவிட்ட மாதிரி இருக்கும். நான் சலித்துக்கொள்வேன். திட்டவும் செய்வேன். கொஞ்சம் தெளிவாக எழுதினால் என்னலா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள்.

நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். அந்த மாதம் தட்டு நிரம்பி வழியும். வருகிற சீட்டில் முக்கால்வாசி, போய்ச் சேர்ந்தவர்கள் பெயர்தான். அப்படி ஒரு நவம்பர் ஞாயிறு, பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் இருக்கும் ஒருவர் தட்டில் போடாமல் நேரே என்னிடம் வந்து ஒரு சீட்டை நீட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். வாராவாரம் தன் அறைத்தோழரோடு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறவர். அன்று தனியாக வந்திருந்தார். சீட்டைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எழுதியிருக்குல்ல தம்பி? போதும். போய் உக்காருங்க, பெல் அடிக்கப் போறாங்க" என்றேன்.

அவர் போய் உட்கார்ந்தார்.

சீட்டு இரண்டு விரல் அகலம் இருந்தால் அதிகம். ஒரு சிலுவை, அதை ஒட்டி ஒரு பெயர், ஊர், கிராஞ்சி. கீழே, 'விபத்து. பூசையில் நினைத்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான். சிலுவை, விபத்து, நவம்பர் மாதம். எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன், அது உண்மை. பிறகு இறந்தவர் பட்டியலில் நான்காவதாக எழுதிக்கொண்டேன்.

ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்பதால் ஊரையும் சேர்த்து வாசிப்பது என் வழக்கம். அதுவும் நானே கொண்டுவந்த ஒழுங்கு. அன்று அவர் பெயரையும் ஊரையும் நிறுத்தி வாசித்து, கிராஞ்சியில் விபத்தில் இறந்தவர் என்று நானாகவே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். கடைசி வரிசையில் அந்தத் தம்பி எழுந்து நிற்பது தெரிந்தது. கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

பூசை முடிந்து நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாசல் வழியாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் போன்.

"அக்கா, அவன் சாகலக்கா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம்தான் வந்தது. சீட்டைத் தேடி எடுத்து, சிலுவை போட்டிருக்கிறீர்களே என்று கிட்டத்தட்டச் சண்டைக்கே போனேன். அவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எது எழுதினாலும் முதலில் ஒரு சிலுவை போட்டுத்தான் தொடங்குவாராம். காகிதம் சின்னது, மேலே இடமில்லை, அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. இந்துக்கள் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. பள்ளியில் ஒவ்வொரு விடைத்தாளின் மூலையிலும் போட்டவள் நான். என் வீட்டு மளிகைச் சீட்டில்கூட இன்றைக்கும் போடுகிறேன்.

அதோடு போயிருந்தால் ஒரு வாரத்து வெட்கத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கொரோனா காலத்திலிருந்து எங்கள் பூசை நேரலையாகப் போகிறது. சீட்டில் பெயர் இருந்த அந்த அறைத்தோழர் ஒவ்வொரு ஞாயிறும் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் மனைவிக்கு அதன் லிங்க்கை அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். இங்கே ஐந்தரை, அங்கே மூன்று மணி. ஆளுக்கொரு நாட்டில் இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே பூசை பார்ப்பார்கள். அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார். நண்பர்கள் அவளிடம் காலில் அடி, போன் உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லிங்க் வரவில்லை என்றதும் அவளே தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கூட்டத்தில் எங்காவது அவர் தெரிகிறாரா என்று பார்க்க.

அவளுக்குக் கேட்டது என் குரல்.

அந்தத் தம்பிக்குப் போன் வந்தபோது ஊர்க் கோயிலில் துக்க மணி அடித்து முடித்திருந்தார்கள். பந்தலுக்கு ஆள் போயிருந்தது. அவர் சாகவில்லை என்று சொல்லப் போய், எந்த நிலையில் கிடக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் பேசுகிறேன் என்று போனை வாங்கினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளோ அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள். உயிரோடு இருக்கிறார் என்கிறீர்களே, அது போதும் என்றாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"நீங்க நேர்ல போய்ப் பாருங்கக்கா. இவங்கள்லாம் எங்கிட்ட மறைச்சுட்டாங்க. நீங்க கண்ணால பாத்துச் சொன்னா நான் நம்புறேன்."

ஃபாதர் என் மேல் தப்பில்லை என்றார். கோயில் குழுவினர் அன்றைக்கே அந்த வீடியோவை நீக்கிவிட்டார்கள். இனிமேல் அச்சடித்த படிவம்தான், அதில் உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்று இரண்டு கட்டம் இருக்கும் என்று முடிவானது. காப்பி குடிக்கும் இடத்தில் ஒருவர், இனி நம்ம பேரைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் லெட்டர் வாங்கணும் போல என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. மற்ற எல்லோரும் எனக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றேதான்: செத்துவிட்டதாகச் சேதி வந்தால் ஆயுசு கூடுமாம். தோ பாயோவில் இருக்கும் என் தங்கைகூட அதையேதான் சொன்னாள். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று நர்ஸ் சொன்னபோது, அக்கா என்று சொல்லி நுழைந்துவிட்டேன். தலை முழுக்கக் கட்டு. வாயில் குழாய். கைகள் மட்டும்தான் மனிதனுடையவையாக இருந்தன. நகக்கண்ணில் சிமென்ட் இன்னும் போகவில்லை. வாராவாரம் நான் சீட்டுக்காகத் திட்டியவர்களில் அவரும் இருந்திருப்பார். முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன், வரவில்லை.

வீடியோவில் அவளைக் கூப்பிட்டு அவரைக் காட்டுவேன். பிறகு போனை அவர் காதருகே பிடிக்கச் சொல்வாள். மோட்டார் ரிப்பேர் பார்த்தாயிற்று, பெரியவள் பரீட்சையில் கணக்கில் குறைந்துவிட்டாள், சின்னவளுக்குச் சளி என்று ஒன்று விடாமல் சொல்வாள். தூங்கியது போதும் என்று நடுவில் அதட்டுவாள். நான் போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புருஷன் பெண்டாட்டி பேசுவதை நான் கேட்கக் கூடாது, ஆனால் போனைப் பிடித்திருந்த கை என்னுடையதாக இருந்தது.

புதன்கிழமை அவளும் அதையே சொன்னாள். நான் வாசித்ததால்தான் அவருக்கு ஆயுசு கூடிவிட்டது, கடவுள்தான் என் வாயில் அப்படி வர வைத்தார் என்றாள். அவளிடம் நான் எரிச்சல்படவில்லை. வெள்ளிக்கிழமை அவர் விரல் ஒன்று அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அதற்குள் நானும் நம்பத் தொடங்கியிருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை டாக்டர் என்னையும் அந்தத் தம்பியையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. மூளை திரும்பாது, இனி நாட்கள்தான், ஊரில் குடும்பத்தைத் தயார்படுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். தம்பி என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளிடம் சொல்ல வேண்டியது நான். போனை எடுத்ததும், கொஞ்சம் கஷ்டம்னு சொல்றாங்கம்மா, நல்லா வேண்டிக்குங்க என்று மட்டும் சொன்னேன். ஒரு தரம் அவசரப்பட்டுச் சொன்ன வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அன்று அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது பயம். அவள் அன்றே ஊரில் நவநாள் செபம் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் பூசைக்குப் புதுப் படிவங்கள் வந்திருந்தன. தம்பி ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்தார். உயிரோடு இருப்பவர் என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு கோடு. எங்கேயும் சிலுவை போடாமல் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். இன்று வேறு யாராவது வாசிக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். ஊரிலிருக்கும் அவள் ஒப்பவில்லை, என் குரலில் கேட்டால்தான் மனசு ஆறும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். உடல்நலம் வேண்டுவோரில் முதல் பெயராக, ஊரோடு சேர்த்து, விரைவில் குணமாகி வீடு திரும்ப வேண்டுமென்று வாசித்தேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தே, தெளிவாக வாசித்தேன். பூசை முடிவதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திரும்பப் போட்டுக் கேட்டாளாம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. அவர் இதயம் தானாகவே நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நடைபாதையில் விடுதி நண்பர்கள் நாலைந்து பேரும் கம்பெனி ஆள் ஒருவரும் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது, யாரும் ஊருக்குப் பேசவில்லை. நாங்க சொன்னா அது நம்பாதுக்கா, நீங்கதான் சொல்லணும் என்றார் தம்பி.

உள்ளே போய்ப் பார்த்தேன். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். கையைத் தொட்டேன். வெளியே வந்து அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கண் முழித்துவிட்டாரா என்று கேட்டாள்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

வெடித்து அழுவாள் என்று காத்திருந்தேன். குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி, பொறுமையாகப் பேசினாள்.

"இல்லக்கா. அன்னைக்கும் இப்படித்தான் தெளிவாச் சொன்னீங்க. இன்னொரு தரம் போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனேன். போன் கையில் இருந்தது, அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலருகே நின்று, அவள் சொன்னபடியே பார்த்தேன். முகம், நெஞ்சு, கை, நகங்கள். எதையாவது விட்டுவிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன். போனைக் காதில் வைத்தேன்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள்.