கண்டம் கழித்த மோட்டார்

1. நான் சொன்ன ஒரு வார்த்தை

எனக்குப் பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. இரண்டும் சேர்ந்து ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தன. பழைய மோட்டார் பார்த்துச் சொல்லும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விழுப்புரம் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்துவிட்டு மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன் நான். லோகோ ஷெட்டில் ஒரு சாமான் இனி உதவாது என்றால் துரை அதை 'கண்டெம்ன்' செய்து எழுதுவார். எங்கள் வாயில் அது 'கண்டம்' ஆகிவிட்டது. பாய்லர் கண்டம், ஆக்ஸில் கண்டம், ஓட்டை வாளியும் கண்டம். ஷெட்டை விட்டு வந்த பிறகும் அந்த வார்த்தை மட்டும் என் நாக்கை விட்டுப் போகவில்லை.

அப்போது யுத்தம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பெரிய வீட்டு மோட்டார்கள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்து, சல்லிசாக விலைக்கு வந்தன. அதை வாங்கிப் பின்புறம் கரி காஸ் பிளான்ட் மாட்டினால் அடுப்புக்கரியிலேயே ஓட்டலாம். பிளான்ட் என்பது ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. நல்ல பாரம்.

திண்டிவனம் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த கன்னியப்பனுக்கும் அந்த ஆசை வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவர் தம் டூரர் மோட்டாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூட்டிப்போனான். குதிரையையும் ஜட்காவையும் விற்றுத்தான் வாங்க வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஆள் ஏற்றினாலே போதும், பெண்டாட்டி அஞ்சலை களை எடுக்கப் போக வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்னாலேயே ஓட்டி, சுலபமாகக் கிளம்பும்படி மசிய வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அந்தத் திருட்டுத்தனம் இல்லை. ஹாண்டில் போட்டுச் சுற்றினேன், நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல் இருந்தது. கன்னியப்பன் முகத்தில் கல்யாணக் களை. பிறகு அடியில் படுத்தேன். பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில், சேஸிஸ் சட்டத்தின் மேல் தார் பூசியிருந்தது. தாரைச் சுரண்டினேன். உள்ளே விரிசல். பிளான்ட் உட்கார வேண்டிய இடமே அதுதான். பட்டை வைத்து ரிவிட் அடித்தாலும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

விழுப்புரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே, "கண்டம்பா, விட்டுடு" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "கண்டங்களா? கழிக்க வழி ஒண்ணும் இல்லீங்களா மேஸ்திரி?"

ரிப்பேர் செய்ய வழி கேட்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கேட்கிறானே என்று எனக்கு எரிச்சல். "அங்காளம்மனே வந்து பாத்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

2. குங்குமப் பொட்டலம்

எட்டாம் நாள் காலையில் விழுப்புரத்தில் என் பட்டறை வாசலில் வந்து நின்றான். நெற்றி கொள்ளாத குங்குமம், கையில் பிரசாதப் பொட்டலம், வாயெல்லாம் பல்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேங்க. அமாவாசைக்கு மலையனூர் போயி, ராவெல்லாம் கண்ணு முழிச்சிக்கினு, ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். வண்டிக்கும் பூசணிக்கா சுத்தி ஒடைச்சாச்சு. கண்டம் கழிஞ்சிடுச்சி. பிளான்ட்டு எப்ப மாட்டலாம்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் சொன்னது லோகோ ஷெட் கண்டம். அவன் கேட்டது ஜோசியர் சொல்கிற கண்டம். பரிகாரம் செய்தால் விலகுகிற கண்டம். அதற்கு அம்மன் பெயரைச் சொல்லி வழிகாட்டியவனும் நானேதான். அட பாவி, என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

குதிரையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் அவன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான்.

மண்டிக் கொட்டகையில் மோட்டார், ரேடியேட்டரில் எலுமிச்சம்பழ மாலையோடு நின்றது. கன்னியப்பனை அடியில் படுக்கச் சொல்லி, பக்கத்தில் நானும் படுத்தேன். சட்டைப்பையில் ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. அதை விரிசலில் செருகினேன். பாதிக் கார்டு உள்ளே போயிற்று. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினான். மறுபடியும் தடவினான்.

"இது மேலதான் பிளான்ட்டு ஒக்காரணும். பள்ளத்துல எறங்கினா இந்த எடத்துல ரெண்டா ஒடையும். இதைத்தான் நான் கண்டம்னு சொன்னேன். எந்தச் சாமியும் இதை ஒட்ட வெக்காது கன்னியப்பா. தப்பு என்னுதுதான்."

"எட்டு பேரை ஏத்திக்கினு செஞ்சி ரோட்டுல போறதா இருந்தேன், மேஸ்திரி. அஞ்சலையும் புள்ளைங்களும் மொத சவாரி" என்றான்.

மண்டிக்காரரும் குனிந்து பார்த்தார். தார் பூசினது பழைய டிரைவராம், இவருக்கே அது தெரியாதாம். அவர் கார்டை வாங்கித் தாமே செருகிச் செருகிப் பார்த்ததைக் கண்டால் பொய்யாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும்தான் கேட்டேன். "குதிரை?"

"கண்டாச்சிபுரத்துக்காரரு ஒருத்தரு பேசி முடிச்சிட்டாருங்க."

நான் மண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா இன்னும் கயிறு மாத்தலீங்க, குதிரை என்கிட்டத்தான் நிக்குது. அமாவாசை கழிஞ்சி மூணாம் நாளுதான் மாத்துவேன்னுட்டாரு. நாளைக்கி வர்றாரு."

அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அந்த மனிதர் நாள் பார்க்காதவராக இருந்திருந்தால் கன்னியப்பனுக்குக் குதிரையும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஜல்தியாகப் போய் வியாபாரம் இல்லை என்று சொல்லிவிடு என்று அவனை அப்போதே கண்டாச்சிபுரத்துக்கு அனுப்பிவைத்தேன்.

3. போஸ்ட் கார்டு

வண்டி மொத்தமும் கண்டம் என்று நான் சொன்னதே தப்பு. சட்டம்தான் போயிற்று, இன்ஜின் தங்கம். பிறகு அதை மட்டும் கழற்றி, மண்டிக்காரரின் மல்லாட்டை உடைக்கிற மெஷினுக்கு மாட்டிக் கொடுத்தேன். வெகுகாலம் ஓடியது.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு போஸ்ட் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவனையும் கூடவே அடியில் படுக்க வையுங்கள். எது உடைந்திருக்கிறது என்று அவன் விரலுக்குத் தெரியட்டும். நம் தொழில் வார்த்தையை நம்மோடு வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக, ரயிலுக்கு நேரமாகிவிட்டால் ரயிலை விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு நான் எப்போது திண்டிவனத்தில் இறங்கினாலும் கன்னியப்பன் ஜட்காதான். காசு வாங்க மாட்டான். ஆனால் லேசில் ஏறவும் விட மாட்டான். குதிரையைத் தட்டிக்கொடுத்தபடி, ஸ்டேஷனே கேட்கிற மாதிரி சொல்வான்.

"மொதல்ல அடியில படுத்துப் பாருங்க மேஸ்திரி. கார்டு கொண்டாந்தீங்களா?"