அப்பாவின் மோகனம்

பக்கத்து வீட்டுச் சிறுமி ஆர்மோனியத்தில் மோகன ராகம் வாசிக்கிறாள். 1940களில் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் நான் சேர்ந்த முதலாண்டுச் சங்கீத வகுப்பு நினைவுக்கு வருகிறது.

கோட்டைப் பகுதி அக்ரஹாரத்துப் பெண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் கிறிஸ்தவப் பெண். முறையாகச் சங்கீதம் கற்றதில்லை.

ஆசிரியை மோகனத்தின் ஸ்வரங்களை வாசித்துவிட்டு, "இந்த ராகத்துல ஏதாவது பாடு. முடியலேன்னா வேற வகுப்புக்குப் போயிக்கோ" என்றார்.

கேட்டதுமே தெரிந்துவிட்டது. பனையேறியான என் அப்பா எங்கள் சர்ச்சுக்காகக் கட்டிய ஞானப்பாட்டின் ராகம் அது! அதையே பாடினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

முடித்ததும் முன்வரிசை அலமேலு எழுந்தாள். "டீச்சர், இவ இன்னொரு தரம் பாடட்டுமே. நாங்களும் கூடப் பாடறோம்."

"கொள்ளாம்!" என்று ஆசிரியை மலையாளத்தில் மெச்சி, மறுபடி ஆர்மோனியத்தைத் தொட்டார்.

என் அப்பாவின் பாட்டை அன்று வகுப்பே பாடியது. நான் முன்னே பாடிப் போக, அவர்கள் பின்னே பாடி வந்தார்கள்.