நடக்காத கல்யாணத்துக்கு முந்திரிக்கொத்து

போன மாதம் நெய்யாற்றின்கரையில் ஒரு படம் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிப் பரவும் கதையை வைத்து எடுத்த நகைச்சுவைப் படம். தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த கணவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவருக்குச் சொன்ன கதைதான் இது.

கேரளத்தில், பாறசாலைப் பக்கத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவோடு சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போனேன். குன்னத்துகாலில் அம்மா வீட்டு நிலத்தைப் பாகம் வைத்து ஆதாரம், அதாவது பத்திரம், பதிகிற நாள். மாமா மகனும் பைக்கில் வந்திருந்தான். பாலிடெக்னிக் மாணவன். சாயங்காலம் கோயிலுக்குப் போக வாங்கிய மாலை அவன் கையில் இருந்தது. பைக்கைத் தள்ளி நிறுத்துவதற்காக அதை என்னிடம் கொடுத்தான். ஆபீஸ் படியில், மாலையும் கையுமாக, அவன் பக்கத்தில் நின்றேன். அம்மா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கினான் என் வகுப்புப் பையன் ஒருவன்.

திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழையும்போது எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. வாட்சப் குரூப்பில் ஞாயிறு முழுக்க வாழ்த்து ஓடியிருக்கிறது. என்னிடம் போன் இல்லாததால் எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அம்மா உள்ளே நிலம் பதிந்துகொண்டிருந்தாள் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை; அவன் மாமா மகன் என்று சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. "நிங்கள் தமிழர் அவரெத்தன்னெயல்லே கெட்டுந்நது?" என்று ஒருத்தி அப்பாவியாகக் கேட்டாள். தமிழர்கள் மாமா மகனைத்தானே கட்டுவார்கள் என்பது அவள் கணக்கு.

செவ்வாய்க்கிழமை அது வீட்டுக்கே வந்துவிட்டது. அப்பாவின் பெரியப்பா மகன், கல்யாணம் நிஜமா என்று கேட்டுப் போன் செய்தார். அம்மா எடுத்தாள்.

"ஆமா அண்ணா, நானும் அங்க உண்டு. நானாக்கும் அவளக் கூட்டிட்டுப் போனது. நம்ம குன்னத்துகால் வஸ்து பதிய," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பாவுக்கு அது போதவில்லை. தாலுகா ஆபீசில் வேலை அவருக்கு. தாத்தா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகக் குடும்பம். நாலு பேர் வாயில் வீட்டுப் பெயர் விழுவதை அவரால் தாங்க முடியாது. "டிசி வாங்கிருவோம். மார்த்தாண்டத்துல சேக்கலாம்," என்றார்.

"வாங்கினா அது நெசம்ணு நாமளே சொன்னதா ஆவும்," என்றாள் அம்மா. "எம்புள்ள அங்கதான் படிப்பா."

அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை மதியம் வகுப்பில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தேன். என் பெஞ்சில் உட்காருகிறவள் பொழியூர்க்காரி. அவள் அப்பாவுக்குக் கடலில் மீன்பிடி வேலை. மூன்று நாளாக அவள் ஒருத்திதான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று பெரிய டப்பா ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். நிறைய முந்திரிக்கொத்து, எங்கள் பக்கத்துக் கல்யாணப் பலகாரம்.

"எட்டி, எந்திரி. இண்ணைக்கு உனக்கு ரிசப்ஷன்."

"வேண்டாம் மக்கா, சும்மா இரி."

அவள் எங்கே கேட்டாள்! என்னை இழுத்து நிறுத்திவிட்டு பெஞ்சில் ஏறினாள். கல்யாணத்துக்குக் கூப்பிடாததற்கு வருத்தப்பட வேண்டாம், பலகாரம் வந்திருக்கிறது, வரிசையாக வாருங்கள் என்று மலையாளத்தில் உரக்க அறிவித்தாள். முதலில் யாரும் அசையவில்லை. படியில் என்னைப் பார்த்த பையனைக் கைகாட்டி அழைத்தாள்.

"நீ வா. ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு சாட்சி நீயாக்கும். சாட்சிக்கு ரெண்டு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை எங்கே என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மாப்பிள்ளைக்கு அரியர் உண்டு, படிக்காரு. பொண்ண ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனதே பெத்த அம்மையாக்கும். அவிய உள்ள வஸ்து ஆதாரத்துல கையொப்பு போட்டுட்டு இருந்தாவ. நீ அதப் பாக்கல்லியா சாட்சி?"

சிரிப்போடு சிரிப்பாக உண்மை எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. நானும் சிரித்தேன். அழுது வீங்கிய முகத்தோடு, வாய் நிறைய முந்திரிக்கொத்தோடு.

சத்தம் கேட்டு டீச்சர் வந்தார். பெஞ்சில் நின்றவளை வெளியே போகச் சொன்னார். அவள் இறங்கி வராந்தாவில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போய் நடந்ததையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "டப்பாவில் பாக்கி உண்டோ?" என்று கேட்டார். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே எங்களை உள்ளே அனுப்பினார். அந்தச் சாட்சிப் பையன் மாலையில் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் வந்து "சாரி" என்றான். அதோடு எல்லாருக்கும் வேறு பேச்சுக் கிடைத்துவிட்டது.

அன்று இரவு அம்மா இதையெல்லாம் அப்பாவிடம் சொல்வது கேட்டது. மறுநாள் காலை அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் பிள்ளைய ஒரு நாள் சாப்பிட விளி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். எங்கள் வீட்டில் சைவம். அம்மா அவியல், எரிசேரி, இரண்டு பாயசம் என்று விருந்தே வைத்துவிட்டாள். அப்பா தன் கையால் பரிமாறினார். அவர் அப்படி இலை முன்னால் குனிந்து பரிமாறி நான் பார்த்ததில்லை.

"போதுமா மக்கா? இன்னும் என்ன வேணும்?"

"எல்லாம் உண்டு அங்கிள். மீன் மட்டுமாக்கும் இல்லாதது."

அப்பா ஒரு நொடி திகைத்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டிசி பற்றி அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை.

ஏன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று பிறகொரு நாள் அவளிடம் கேட்டேன். "நெசம்னாலும் பொய்னாலும் நீ சோறு திங்காமலாக்கும் இருந்தது. அதான் டப்பா கொண்டு வந்தேன்," என்றாள்.

என்னை நம்பியவர்கள் உண்டு, எனக்காக வாதாடியவர்கள் உண்டு. இவளுக்குக் கதை நெசமா பொய்யா என்பதே தேவைப்படவில்லை. அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டேன். இவளிடம் சொன்னால், "எட்டி, சும்மா போ" என்பாள். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.