கவிழ்த்து வைத்த செருப்பு

காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோமே, அந்த வருஷம் நடந்தது. வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். முழங்கால் வருத்தம். மின்வெட்டில் லிப்டும் ஓடாது. மூன்று நாளாகக் கரியடுப்பில் மிளகாய் வறுத்தார். கட்டடமே தும்மியது. நான் தும்மத் தொடங்கினால் ஏழெட்டுக்குக் குறையாது, அது கிடக்கட்டும்.

வியாழக்கிழமை மிளகாய்த்தூள் பார்சலை என்னிடம் தந்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போவேன். அவருடைய தங்கச்சி கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நாளண்டைக்கு, சனி விடிய அவள் கனடாவுக்குப் போறாள் அண்ணை. பதினொரு வருஷமா என்னோட கதைக்கிறேல்லை. தூளைக் கண்டா ஒரு வார்த்தை கதைப்பாள். மறந்துபோடாதேங்கோ."

"மறக்கிறதோ? செருப்பைக் கவிட்டு வைச்சிருக்கிறன் டீச்சர்."

"கடைசியில உங்கட செருப்பை நம்பி நான் இருக்கிறன்!" என்று சிரித்தார்.

எனக்கு எழுத வராது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்தே, ஏதாவது செய்ய இருந்தால் வாசலில் வலது செருப்பைக் கவிழ்த்து வைப்பேன். காலை நுழைக்கும்போது ஏன் கவிழ்த்தோமென்று யோசிப்பேன். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வருமென்று மருமகள் முணுமுணுப்பாள். ஆனால் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

வெள்ளி காலையில் வாசலுக்கு வந்தேன். கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்: "காஸ் லொறி வந்திட்டுது, ஓடி வாங்கோ!" கவிழ்ந்து கிடந்த செருப்பைப் பெருவிரலால் நானே நிமிர்த்தி மாட்டிக்கொண்டு ஓடினேன். பொழுதுபட சிலிண்டர் கிடைத்தது. கோயிலும் இல்லை, கொட்டாஞ்சேனையும் இல்லை.

சனி மத்தியானம் டீச்சர் படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். "என்னண்ணை, தங்கச்சி ஏதும் சொன்னவளோ?"

பார்சல் கதிரைக்குக் கீழே கிடந்தது. விமானம் போய்விட்டது.

"மருமகள் செருப்பை நிமித்திப்போட்டாள் டீச்சர். அதாலதான்..." என்றேன்.

மருமகள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "தேத்தண்ணி ஆறுது மாமா" என்றாள்.

தங்கச்சி கனடாவிலிருந்து ஒரு போனும் எடுக்கவில்லை. டீச்சர் அதன்பிறகு மருமகளோடு பேசவேயில்லை. தெஹிவளையில் மகன் வீட்டுக்கு அவர் குடிபோன அன்று, சூட்கேசை மூன்று மாடி இறக்கிக் கொடுத்தவள் மருமகள்தான். டீச்சர் எனக்கு மட்டும் தலையசைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். நானும் தலையசைத்தேன்.

நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எழுது" என்றேன்.

இரண்டு தரம் தெஹிவளைக்கு பஸ்ஸேறிப் போய், மணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது அந்த டீச்சரைத் தெரிந்திருந்தால், என் மருமகள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.