மயில்வாகனத்தாரின் பழைய சொல்

வவுனியாக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோருக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மயில்வாகனத்தார் டைப் மெசினில் சனங்களுக்கு மனு, பெட்டிசம் அடிக்கிறவர். பக்கத்தில் என்னுடைய தேத்தண்ணிக் கடை. அவருடைய இங்கிலீஸ் பழைய காணி உறுதிப் பத்திரங்களில் பொறுக்கியது. விதவை என்று வரவேண்டிய இடத்தில் 'றெலிக்ற்' என்றுதான் அடிப்பார். ஒருவர் செத்தபின் மிஞ்சி நிற்கிறவள் என்று பொருளாம். வெள்ளைக்காரனே கைவிட்ட சொல். அதைக் கண்டால் கிளாக்கர்மார் எழும்பி நின்று டிக்சனறி தேடுவார்கள் என்று பெருமையடிப்பார். அப்படி எழும்பிய ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனாலும் சமாதான காலத்தில் காணி கேட்டு வந்த விதவைகள் எல்லோருக்கும் அதுவே விழுந்தது. புருசன் பெயருக்கு முன்னால் விரல்கள் தாமாகவே அதைத் தட்டப் பழகிவிட்டன.

2007இல் அவருடைய மகன் பிரசாந்தன் ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கென்று போனவன் திரும்பவில்லை. தேடித் தரும்படி பெட்டிசம் கொடுக்க மருமகள் சுதாஜினி மற்றவர்களைப் போலவே வந்து மர வாங்கில் இருந்தாள். அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் கையெழுத்து வாங்குவார். வாசித்துக்கொண்டு வந்தவர் மகனின் பெயருக்கு முன்னால் நின்றுவிட்டார். பாழாய்ப்போன விரல்கள் பழக்கத்தில் 'றெலிக்ற்' என்று அடித்துவிட்டன. வீட்டில் தினமும் அந்தச் சொல்லின் புழுகைக் கேட்டவள் அவள். எட்டிப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"நான் அவரின்ரை மனுசி, மாமா. வேறை அடியுங்கோ."

தாளைக் கிழித்து, இங்கிலீசில் 'மனைவி' என்று புதிதாக அடித்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ கந்தோருக்கு 'மனைவி' என்றே பெட்டிசம் போனது. பதில் வந்தால், அது இன்னொரு கந்தோருக்குப் போகச் சொல்லும். சண்டையும் முடிந்தது. பிரசாந்தனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் அவனுடைய பிள்ளைக்கு உதவி கிடைக்கும் என்று சொன்னார்கள். சுதாஜினி மறுபடியும் அந்த வாங்கில் வந்து இருந்தாள்.

"களைச்சுப் போனன், மாமா. உங்கடை பழைய சொல்லையே அடியுங்கோ."

திகதி அடித்தார். அவளுடைய பெயரை அடித்தார். அதற்கு மேல் விரல் எழும்பவில்லை. நான் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"றிபன் காய்ஞ்சு போச்சு, பிள்ளை. நாளைக்கு வா."

ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு நாளைக்கு வா என்கிறார். அது புது றிபன், காலையில் அவளே வாங்கி வந்தது. அவள் மெசினைச் சீலையால் மூடிச் சைக்கிள் கரியரில் கட்டினாள். இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.