பத்தொன்பது சாமிகள்

தீபலட்சுமிக்கு எதையும் ஆற அமரச் செய்யத் தெரியாது. சோறு வெந்துவிட்டதா என்று பானையை மூன்று தடவை திறந்து பார்க்கிற ரகம். காரைக்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் பதினோரு வருஷமாக வருமானச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் தட்டிக் கொடுக்கிறவள். கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கிற அந்த அரை நிமிஷத்துக்குள் நாலு தடவை எழுந்து உட்கார்வாள். அப்படிப்பட்டவளுக்குப் பொறுமையே முதலாக வேண்டிய ஒரு தொழில் யோசனை வந்தது என்றால், அதற்கு அவள் வீட்டுக்காரன் அருள்பாண்டிதான் காரணம்.

அருள்பாண்டி புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் லாரி ஓட்டியவன். நல்ல டிரைவர், நல்ல மனுஷன், சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும். ஒரு நாள் போதையில் மானகிரிப் பக்கம் பாலத்துச் சுவரில் வண்டியைக் கொண்டுபோய்ச் செருகினான். யாருக்கும் அடிபடவில்லை. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு மூட்டை தூக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில், இனிமேல் தொடமாட்டேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவன் பேச்சு விடிந்த பிறகுதான் தொடங்கும், பொழுது சாய்ந்தால் போய்விடும்.

அந்த ஆறரை மணியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். குடிக்கிறவன் நாள் முழுக்க அதே நினைப்பில் இருப்பதில்லை, அந்த ஒரு மணி நேரம் அவனைப் பிடித்து வைத்தால் அன்றையப் பொழுது தப்பித்தது என்பது அவள் எண்ணம். உள்ளங்கை அளவில் ஒரு ஊதுகருவி, அதோடு சேர்ந்த ஒரு செயலி. ஆறரைக்குப் போன் அடிக்கும், ஆள் ஊத வேண்டும். குடிக்கவில்லை என்றால் பச்சை, குடித்திருந்தால் சிவப்பு. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பக்கத்துத் தெரு சத்தியப்பிரியா செயலியை எழுதிக் கொடுத்தாள். முதலில் அதில் கேமரா வைக்கவில்லை. மூட்டை தூக்குகிற சேவுகப்பெருமாள் நாலு நாள் தன் பெண்டாட்டியை ஊத வைத்துப் பச்சை வாங்கினார். ஐந்தாம் நாள் கேமரா வந்தது. லாரி வைத்திருக்கிற ஆலைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காகச் சந்தா கட்டுவார்கள் என்பது திட்டம்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. ஐப்பசியில் கேட்டபோது, கேமரா வந்ததும் நழுவிவிட்ட சேவுகப்பெருமாளைத் தவிர ஒருத்தரும் அகப்படவில்லை. நான் என்ன குடிகாரனா என்று நாக்குக் குழறக் கேட்டார்கள். மார்கழியில் மறுபடி போனாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் பத்தொன்பது பேர் கை தூக்கினார்கள். அருள்பாண்டியும் தூக்கினான். சந்தோஷத்தில் அவள் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

நாற்பது நாள். தினமும் பத்தொன்பது பச்சை. ஒரு சிவப்புக்கூட இல்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுத் தொழில் யோசனைகளைக் கேட்டுப் பரிசுக்குத் தேர்ந்தெடுப்பதற்காக ஒரு கல்லூரியில் நடந்த கூட்டத்தில் போய் நின்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி, கடைசியில் பத்தொன்பது பேரும் நிற்கிற படத்தைத் திரையில் காட்டினாள். தேர்வுக் குழுவில் இருந்த வயதான டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாரும் காவி வேட்டி, தாடி, கழுத்துல மாலை. பழனிக்கா?"

"ஆமா சார். தைப்பூசத்துக்கு நடந்து போறாக."

"அப்ப இந்தப் பச்சை யாரோடதும்மா? உங்க மெஷினோடதா, முருகனோடதா?"

மண்டபமே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "மாலையக் கழட்டுன பெறகு வாங்க. அன்னைக்கும் பச்சையா இருந்தா நானே எந்திரிச்சுக் கை தட்டுறேன்" என்றார்.

மாலை போட்டவன் தொடமாட்டான், கழற்றிய அன்றைக்கே சேர்த்து வைத்துக் குடிப்பான் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நாற்பது நாளாகத் தன் புருஷனையே "சாமி, சாப்புட வாங்க" என்று கூப்பிட்டவளுக்கு அது உறைக்கவில்லை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியிருக்கிறோம் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்தாள். கூட்டமும் பரிசும் போனால் போகட்டும். அருள்பாண்டி மாலையைக் கழற்றப் போகிறானே.

பத்தொன்பது பேரும் பழனிக்கு நடக்கத் தொடங்கியபின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நத்தத்தில் இருக்கிறோம் என்று அருள்பாண்டி போனில் சொன்னான், திண்டுக்கல் தாண்டிவிட்டோம் என்றான். ஒவ்வொரு ஊரும் அவளுக்கு ஒரு நாள் குறைந்த கணக்கு.

"சாமி, மாலைய இன்னுங் கொஞ்ச நாள் கழட்டாம இருந்தா என்ன?" என்று போனில் கேட்டே விட்டாள்.

"நேந்துக்கிட்ட நாள் முடிஞ்சா கழட்டணும். குடிக்கப் பயந்துக்கிட்டு மாலையப் போட்டுத் திரிஞ்சா அது சாமியவே ஏமாத்துறது" என்றான்.

திரும்பும் வழியில் குன்றக்குடியில் லாரியை நிறுத்தி மாலை கழற்றுவது இவர்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கழற்றி, ஐந்து மணிக்குக் காரைக்குடியில் இறங்குவார்கள். ஆறரைக்கு ஊதச் சொன்னால் குடித்தது தெரியுமே தவிரக் குடிக்காமல் நிறுத்தாது, அன்றைக்கு மட்டும் மெஷின் அடிக்க வேண்டாம் என்று தீபலட்சுமி முடிவு செய்தாள். அஞ்சரையிலிருந்து நானே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். சத்தியப்பிரியா வீட்டில் பட்டியலும் போனுமாக உட்கார்ந்தாள்.

பட்டியல் அகர வரிசையில் இருந்தது. முதல் பெயர் அருள்பாண்டி. அவள் விரல் அதைத் தாண்டி இரண்டாவது பெயருக்குப் போனது.

"என்னக்கா, மாமாவ விட்டுட்டீக?" என்றாள் சத்தியப்பிரியா.

"ஊரு ஆளுகளை மொதல்ல பாப்போம். நம்ம வீட்டு ஆளு எங்குட்டுப் போயிரப் போறாரு?"

சொன்னது பெருந்தன்மை மாதிரி இருந்தது. உண்மையில் அது பயம். அவன் குரல் குழறிக் கேட்டுவிட்டால் மற்ற பதினெட்டுப் பேரிடம் பேச அவளுக்கு வாய் வராது.

இரண்டாவது ஆள் பஸ்ஸில் இருந்தான், வீட்டுக்குத்தான் போகிறேன் என்றான். மூன்றாவது ஆள் எடுக்கவில்லை. அடுத்துச் சேவுகப்பெருமாள்.

"சாமி, எங்க இருக்கீக?"

"மாலையக் கழட்டியாச்சு தாயி. இனிமே சாமின்னு கூப்புடாதீக."

பின்னால் பாட்டில் சத்தம் கேட்டது. கடைக்கு எதிரேதான் நிற்கிறார். அவள் போனை வைக்கவில்லை. கால் கொப்புளம் எப்படி இருக்கிறது என்றாள். மலையில் கூட்டமா, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது என்ன ஆச்சு என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். அவர் கொப்புளத்தைப் பற்றியே பத்து நிமிஷம் சொன்னார். சொல்லிக்கொண்டே நடந்தார். கால்மணி கழித்து, கதவு திறக்கிற சத்தமும் அவர் பெண்டாட்டி குரலும் கேட்டன. தீபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் பத்து நிமிஷம், கால்மணி என்று போனது. ஆறரை போனது, ஏழு போனது, ஏழரையும் போனது. நாலு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் ஏற்கெனவே குடித்திருந்தார்கள். பதினொரு பேர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மெஷின் இல்லாமல், வெறும் பேச்சில். இதுதான் தொழில், இதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று சத்தியப்பிரியாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு முதல் பெயருக்கு வந்தாள். மணி எட்டே கால்.

"எங்க இருக்கீக?"

"இங்குட்டுத்தான்." நாக்குத் தடித்திருந்தது. அந்தக் குரலை அவளுக்குப் பதினாலு வருஷமாகத் தெரியும்.

"குடிச்சிருக்கீக."

"ம்" என்றான். "அஞ்சரைக்குக் கூப்புடுவேன்னு சொல்லிவிட்டியே லட்சுமி."

"ஆமா."

"அஞ்சரைக்கே போனக் கையில வச்சுக்கிட்டுக் கடைக்கு எதுத்தாப்புல நின்னேன். சேவுகப்பெருமாள் அண்ணனும் பக்கத்துல நின்னாரு. அவருக்கு நீ பேசுனே. பேசிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாரு. சரி, அடுத்து நமக்குத்தான்னு நின்னேன். ஏழு மணி வரைக்கும் நின்னேன்."

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அழுகை வெளியே வராமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது அவனுக்குக் கேட்டுவிட்டது.

"அழுகாத" என்றான் அருள்பாண்டி. "நாளைக்கு மொதப் போனு எனக்குப் போடு."