தனிஸ்லாஸ் வீட்டுத் தெருக்கதவு

நெல்லித்தோப்பில் எங்கள் சந்தில், தனிஸ்லாஸ் அண்ணன் வீட்டுக்கு மட்டும் கண் முளைத்திருக்கிறது. கூடம், அடுப்பங்கரை, குளியலறை, தெருக்கதவு என்று தீப்பெட்டி அளவில் வெள்ளை டப்பாக்கள். படம் எடுக்காது; ஆள் அசைந்தாலோ கதவு திறந்தாலோ போனுக்குச் செய்தி அனுப்பும். அவர் எழுந்தாலும் நடந்தாலும் பிரான்சிலிருக்கும் மகள் ஜோவிதாவின் போனில் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் என் போனிலும் தெரியும். சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலை எனக்கு.

அண்ணன் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையை மூடியதும் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தார். ஊரார் கதவையெல்லாம் காத்த மனிதர், தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டதுதான் வினையாகிவிட்டது. மனைவி புஷ்பமேரியை அடக்கம் செய்த மறுவாரம், கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, உச்சி வெயிலில் பழைய ஆலை வாசலுக்கு நடந்துபோய், ஷிப்டுக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நின்றார். நாங்கள்தான் போய் அழைத்து வந்தோம்.

ஜோவிதா டப்பாக்களை மாட்டியது அப்போதுதான். இன்னொரு முறை கதவு திறந்து கிடந்தால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். புஷ்பமேரி கண் மூடிய வீட்டில்தான் தானும் கண் மூட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

அதன் பிறகு அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். வீடுதான் ஒழுங்காக இல்லை. விடியற்காலையில் அவர் கட்டிலில் படுத்திருக்கும்போதே, அடுப்பங்கரையில் ஆள் நடமாட்டம் என்று போன் சொல்லும். புஷ்பமேரி முதல் பூசைக்குக் கிளம்புமுன் காப்பி போடுகிற நேரம் அது. டப்பா மாட்டியவன் வந்து பார்த்து, பல்லியாக இருக்கும் என்றான். புது டப்பா மாற்றியும் அதே கதை. பல்லிக்குக் காப்பிப் பழக்கம் போல என்று நான் கேலி பேசினேன். ஆனால் அந்தச் செய்தி வந்த எந்த விடியலிலும் நான் திரும்பத் தூங்கியதில்லை. பயம்தான், வேறென்ன.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்று சாயங்காலம் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அது அணையும்வரை தெருக்கதவைத் திறந்து வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். கதவு சாத்தியிருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவாராம்.

குருசுக்குப்பத்தில் மீன் வாங்கி நான்தான் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கூடத்தில் இலை போட்டாயிற்று. மெழுகுவத்தியும் எரிகிறது. அண்ணன் தாழ்ப்பாளில் கை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார்.

"தொறந்தா பொண்ணு பாத்துடுவா, நிர்மலா. தொறக்கலன்னா மேரி திரும்பிப் போயிடுவா."

கடைசியில் கையை எடுத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஜோவிதா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மெழுகுவத்தி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

அப்போது அவளே கூப்பிட்டாள். வேலைக்குக்கூடப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். கதவு ஏன் இன்னும் சாத்தியிருக்கிறது, மெழுகுவத்தி ஏற்றவில்லையா என்று கேட்டாள். ஏற்றியாயிற்று என்றார் அண்ணன்.

"அப்ப தொறப்பா. அம்மா எவ்ளோ நேரம் வெளியவே நிக்கும்?"

அண்ணன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினார். கதவு திறந்ததாக என் போன் கூவியது. சந்தில் யாரும் இல்லை. மெழுகுவத்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில்தான் நின்றோம். போன் மறுபடி கூவியது. அடுப்பங்கரையில் ஆள் நடமாட்டம்.

அங்கே ஜோவிதாவும் அதைப் பார்த்திருப்பாள். ஸ்பீக்கரில், "அம்மா" என்று கூப்பிட்டாள்.

அண்ணன் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.